சுடலைமுத்துவின் உள்ளங்கை

குடல் புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பது ஆபரேஷன் மேஜையைப் பற்றித்தான். எங்கே வெட்டினீர்கள், எப்படி இணைத்தீர்கள், ரத்தம் நிற்காதபோது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அவற்றையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். தவிர, மேஜையைச் சுற்றி எப்போதும் ஆறேழு பேர் நிற்பார்கள். உங்கள் கை தவறான பக்கம் போனால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். நான் சொல்ல நினைப்பது அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி. நோயாளி மாத்திரை அட்டைகளை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். நீங்கள் உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று குரல் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓசூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை. வசதி உள்ளவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் போய்விடுவார்கள். ஷிப்டை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அலைய முடியாதவர்களும், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாதவர்களும் எங்களிடம் வருவார்கள். புற்றுநோய் மருந்து நிபுணர் பெங்களூரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் அவர் எழுதிய மருந்துகளுக்கும் நானே பொறுப்பு. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டை ஓ.பி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுப் பழகியவள். அதனாலோ என்னவோ, தனியாக வருகிறவர்கள் என் கண்ணில் முதலில் படுவார்கள்.

சுடலைமுத்து அப்படி வந்தவர். பெயரை மாற்றியிருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பதுகளின் நடுவில் இருந்தார். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் உலோகம் கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டினார். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். கேன்டீன் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று யாரிடமோ காட்டி, பல மாதங்கள் சத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ரத்தம் ஏறவே இல்லை. பிறகு எங்களிடம் வந்தார்.

"கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "ஹெல்மெட்தான் டாக்டர்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலின் வலப்பக்கம் கட்டி இருந்தது. சதைத் துண்டின் பரிசோதனை முடிவு வந்த அன்று, இது கேன்சர், ஆபரேஷன் செய்து எடுக்கலாம், வயிற்றில் மலப் பை எதுவும் வைக்க வேண்டியிருக்காது என்று சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "மறுபடி மெஷின்ல நிக்கலாமா?" என்றார். நிற்கலாம் என்றேன்.

"வீட்ல எப்ப சொல்லப் போறீங்க? அவங்க இங்க வந்து இருக்கணும்."

"அவகிட்ட சொல்லலை டாக்டர்."

ஏன் என்று கேட்டேன். பயந்துவிடுவார், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற வழக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"கல்யாணம் ஆன மறு வருசமே நான் இங்க வந்துட்டேன். தினம் சாயங்காலம் போன்ல பேசுவோம். ஒரு பத்து நிமிசம் இருக்கும். ஆடு, தண்ணி, பிள்ளைக படிப்புன்னு ஏதாவது. எங்க குடும்பம்னா அந்தப் பத்து நிமிசந்தான். அதுக்குள்ள இதக் கொண்டுபோய்ப் போட்டேம்னா, பெறவு வேற எதுக்கும் எடம் இருக்காது."

நான் வாதாடவில்லை. அவருக்கு அறிவு தெளிவாக இருந்தது, தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் அவருடையதுதான். ஆனால் துணைக்கு ஒரு ஆளாவது வேண்டும் என்றேன். ஆபரேஷன் அன்று வீட்டுக்கார அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார். ஜெயம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வாடகைக்கு இருக்கும் ஆளின் குடல் ஆபரேஷனுக்கு நாம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்ற குழப்பம் அவர் முகத்தில் கடைசிவரை இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எடுத்த குடலோடு இருந்த நெறிக்கட்டுகளில் சிலவற்றில் நோய் பரவியிருந்ததாகப் பரிசோதனை சொன்னது. அதனால் கீமோ வேண்டும் என்று முடிவாயிற்று. நரம்பு வழியாக ஏற்றும் மருந்துக்கு அடிக்கடி லீவு போட வேண்டியிருக்கும். மாத்திரையாக இருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே சாப்பிடலாம். நிபுணர் இரண்டையும் விளக்கினார். சுடலைமுத்து மாத்திரையை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் காலையும் இரவும் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் இடைவெளி, பிறகு மறுபடியும். கை கால் சிவக்கும், தோல் உரியும், வயிறு போகும், தாங்க முடியாவிட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டாவது சுற்றிலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் விரல் நுனிகள் வெங்காயத் தோல்போல உரிந்து, பளபளவென்று வழுக்கிக்கொண்டிருந்தன. களிம்பு கொடுத்தேன். எரிகிறதா என்று கேட்டால், "பரவாயில்ல" என்பார்.

அதற்கு அடுத்தடுத்த முறைகளில் சுடலைமுத்து, நிபுணர் வராத நாட்களில், நானும் இல்லாத நேரத்தில், ஷிப்ட் முடிந்து அவசரமாக வந்து, இருக்கிற டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு சாயங்காலம் நான் இருக்கும்போது வந்தார். என்னோடு ஒரு இளம் டாக்டர் இருந்தார், கெட்டிக்காரப் பையன். கையை வாங்கிப் பார்த்தவர் சந்தோஷப்பட்டார்.

"மேடம், தோல் நல்லா ஆறிடுச்சு. மாத்திரை நல்லா ஒத்துக்குது. அப்படியே எழுதிடட்டுமா?"

நானும் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். தோல் முழுதாக வளர்ந்திருந்தது. விரல் நுனிகளில் ரேகைகள் சுழி சுழியாகத் தெரிந்தன. அந்தச் சுழிகளுக்குள் மெஷின் எண்ணெயின் கறுப்பு நூல்போல ஓடியது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி நன்றாக இருக்கிறார் என்றால் நாம் எல்லோரும் நிம்மதியாகி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். எதிர்பார்த்த தொல்லை வராமல் போனாலும் ஏன் வரவில்லை என்று நின்று கேட்க வேண்டும். ஓ.பி.யில் கூட்டம் நிற்கும்போது அது எளிதல்ல.

அந்தப் பையனை வார்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "மாத்திரைய எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார்.

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

கம்பெனி வாசலில் விரல் வைத்து உள்ளே போகும் மெஷின் இருக்கிறது. ஒருநாள் அது அவர் விரலை எடுக்கவில்லை. பேன்ட்டில் துடைத்து வைத்தார், மறுபடியும் எடுக்கவில்லை. பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். தினமும் இப்படி ஆனதும் எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டுக் கையைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மெஷினில் ஊற்றும் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அந்த அதிகாரி இரக்கப்பட்டு, எண்ணெயே படாத இடமாகப் பார்த்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

"அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு. நான் சொன்ன பொய்க்கு அவரு என்ன செய்வாரு" என்றார் சுடலைமுத்து. "மெஷின்ல நின்னா அளவு பாக்கணும், சத்தம் கேக்கணும், வேற ஒண்ணும் ஓடாது டாக்டர். பேக்கிங்ல கை பாட்டுக்கு வேல செய்யுது. மனசு சும்மா கெடக்கு. பக்கத்துல இருக்கதெல்லாம் வடக்க உள்ள பயலுவ, அவங்க பேச்சு எனக்குத் தெரியாது. ரூமுக்கு வந்தா அங்கயும் யாருமில்ல. நாள் பூராவும் இது ஒண்ணுதான் நெனப்பு. அதான் மாத்திரைய விட்டேன். கை ஆறிச்சு, மெஷின் திரும்பக் கெடச்சுது."

ஒரு சுற்றுக்கும் மேலாக மாத்திரை அவர் வாயிலேயே படவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நெறிக்கட்டில் நோய் இருந்தது என்று தெரிந்தும் இப்படிச் செய்திருக்கிறாரே என்று பேசத் தொடங்கும்போது அவர் போன் அடித்தது. என் முகத்தைப் பார்த்தார். பேசுங்கள் என்று சைகை காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ம்... இங்க தூத்தல்தான். அங்க பேஞ்சுதா? ... குட்டி போட்டுட்டா? ரெண்டா? பொட்டையா கெடாவா? ... சாப்ட்டேன், சாப்ட்டேன். வீட்டுக்கார அக்கா குடுத்த சாம்பாரு."

அவர் குரல் முற்றிலும் வேறு ஆளுடையதாக இருந்தது. அதில் களைப்பு துளியும் இல்லை. பேசி முடித்துத் திரும்பி உட்கார்ந்தபோது பழைய ஆளாகிவிட்டார். நான் பேச நினைத்திருந்ததைப் பேசவில்லை.

மறுநாள் காலை ஜெயம்மா தானாகவே வந்துவிட்டார். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது. ஆள் சரியில்லை என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

"அவுரு கதவச் சாத்திக்கினு உள்ளயே இருக்காரு மேடம். 'ஊட்டா ஆய்த்தா'ன்னு கேட்டா 'ஆய்த்து அக்கா'ன்றாரு. சாப்புடவே இல்ல, எனக்குத் தெரியும். ஊர்ல சம்சாரம் நம்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க ஒரு போன் போட்டு வரச் சொல்லிடுங்க. நானு பேசலாம்னா அவுங்க பேச்சு எனக்குப் பாதிதான் புரியும்."

எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அது என் மேஜையில் கிடந்தது. ஒரு போன் செய்தால் மனைவி வந்துவிடுவார், மாத்திரை ஒழுங்காக உள்ளே போகும். மருந்தை மட்டும் பார்த்தால் அதுவே சரி. ஆனால் நான் சொல்லிவிட்டால் அவர் என்னிடம் உண்மை பேசுவது அன்றோடு நின்றுபோகும். அதன் பிறகு எந்த மருத்துவரிடமும் கையை நீட்டுவாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் நிபுணரிடம் மருந்தைப் பற்றிப் பேச முடிந்தது. இதைப் பற்றி யாரிடம் பேசுவது? அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஜெயம்மா மறுபடி வந்தபோது அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றும் அதைத்தான் செய்வேன், ஆனால் நிச்சயமாகத் தெரிந்து செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

மாத்திரை அளவைக் குறைத்தோம். கை மறுபடி உரிந்தால், ஒரு மருந்தால் வந்தது, எண்ணெயால் இல்லை என்று மட்டும் கம்பெனியில் சொல்லச் சொன்னேன். அது உண்மைதான். என்ன மருந்து என்று அவர்கள் கேட்கவில்லை. வாசலில் கார்டு தேய்த்துப் போக அனுமதித்து, கையுறையோடு அதே மெஷினில் விட்டார்கள். ஜெயம்மா காலையும் இரவும் ஒரு தட்டு கொண்டுபோய் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். சாப்பிட்ட கையோடு மாத்திரை. அது போதுமானதாக இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனார். திரும்பி வரும்போது மனைவியும் கூட வந்திருந்தார். செல்லத்தாய் என்று பெயர் வைக்கிறேன். ஒல்லியான, நிதானமான பெண். அவர் உட்கார்ந்தார், சுடலைமுத்து சுவரோரமாக நின்றார்.

"ரேசன் கடையில பொங்கச் சாமான் வாங்கப் போனோம் டாக்டர். இவுக வெரலு பதியல. ஒவ்வொரு வெரலா மாத்தி வச்சுப் பாத்தாக. தொடச்சிட்டு வைங்கன்னாரு கடைக்காரரு. நான்தான் கையப் புடிச்சு முந்தானையால தொடச்சேன். தொடச்சதுமே கையில ஏதோ வித்தியாசம்னு தெரிஞ்சுபோச்சு. அங்க வச்சு ஒண்ணும் கேக்கல. இவுக பஸ் ஏறும்போது நானும் வாரேன்னு மட்டும் சொன்னேன். வழி நெடுக அவுகளா சொல்லுவாகன்னு பாத்தேன். ஜன்னலயே பாத்துட்டு வந்தாக."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று அவரைக் கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கட்டி, ஆபரேஷன், நெறிக்கட்டு, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. செல்லத்தாய் அழுவார் என்று தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவர் அழவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"ஆப்பரேசன் அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னீக?"

"ஓவர்டைம்னு மொதநாளே சொல்லி வச்சிருந்தேன்."

"ரெண்டு நாள் கழிச்சுப் பேசும்போது கொரலு கட்டிக் கெடந்துச்சு. சளின்னீக."

மயக்கத்துக்காகத் தொண்டையில் போட்ட குழாயால் குரல் அப்படி ஆகியிருந்தது.

செல்லத்தாய் மூக்கண்டப்பள்ளியிலேயே தங்கினார். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தார். மாத்திரைச் சுற்றுகள் முடியும்வரை இருந்தார். அந்த ஒற்றை அறையில் அவர்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே அத்தனை நாள் சேர்ந்து இருந்தது கல்யாணமான முதல் வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை என்று ஜெயம்மா என்னிடம் சொன்னார். "என்னா பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல மேடம். வெளியில ஒருத்தரு, உள்ள ஒருத்தரு உக்காந்துக்குனு இருப்பாங்க. அப்புறம் போகப் போகச் சரியாய்டுச்சு."

அடுத்து எடுத்த ஸ்கேன்கள் சுத்தமாக இருந்தன. இரண்டு வருடத்துக்கும் மேல் அவர் மெஷினில் நின்றார். பிறகு ரத்தப் பரிசோதனையில் நோய் திரும்புவதைக் காட்டும் எண் ஏறியது. ஸ்கேனில் கல்லீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக நோய் இருந்தது. அறுத்து எடுக்கக்கூடிய நிலையில் இல்லை. நரம்பு வழி மருந்து கொடுத்தோம். சில மாதங்கள் கட்டுப்பட்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அங்கே பக்கத்திலேயே மருந்து ஏற்ற ஏற்பாடு செய்து கொடுத்தேன். அடுத்த வருடம் வீட்டிலேயே இறந்தார். வலிக்கு மருந்து குறையாமல் கிடைத்தது என்று செல்லத்தாய் போனில் சொன்னார். மூக்கண்டப்பள்ளி அறையில் இப்போது ஒடிசாப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள்.

அந்தக் கல்லீரல் ஸ்கேன் முடிவைச் சொன்ன அன்று நடந்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். இவ்வளவும் சொன்னது அதற்காகத்தான்.

செல்லத்தாய் தண்ணீர் பிடிக்க வெளியே போனார். அவர் போவதற்காகவே காத்திருந்ததுபோல் சுடலைமுத்து கேட்டார்.

"நடுவுல நான் நிறுத்துனேம்லா டாக்டர். அதனாலயா?"

இந்தக் கேள்வி உங்களிடமும் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். ஏன் தாமதமாக வந்தேன், ஏன் நாட்டு மருந்துக்குப் போனேன், ஏன் மாத்திரையை விட்டேன் என்று. இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். பெங்களூரில் யாரையும் போனில் கேட்டுச் சொல்ல முடியாது. வாசலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"எனக்குத் தெரியல" என்றேன். "ஒரு மாத்திரைகூட விடாம சாப்பிட்டவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு. பாதியில விட்டவங்க நல்லா இருக்கிறதையும் பாத்திருக்கேன். உங்க விஷயத்துல எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு இது தெரியாது" என்றார்.

செல்லத்தாய் வந்ததும் நர்ஸ் சுடலைமுத்துவை ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு செல்லத்தாய் உட்கார்ந்தார்.

"இவுக நடுவுல மாத்திரைய விட்டுட்டாகளா டாக்டர்?"

"ஏன் கேக்கிறீங்க?"

"அந்த வருசம் நான் வந்து தங்கினப்ப ரூமக் கழுவுனேன். பெட்டிக்கு அடியில பிரிக்காத அட்டை கெடந்துச்சு. கூட இருந்த பில்லுல தேதியப் பாத்தா நான் வாரதுக்கு ரெண்டு மாசம் முந்துனது. எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்."

இத்தனை நாளும் அவர் அதைத் தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறார், ஸ்கேனுக்குக் கூட வந்திருக்கிறார். நான் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"அத நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

"கேக்க மாட்டேன்" என்றார் செல்லத்தாய். "கேட்டா சொல்லிருவாக."

சுடலைமுத்து முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தார். வலித்ததா என்று மனைவி கேட்டார், இல்லை என்று அவர் சொன்னார். செல்லத்தாய் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் நிற்கவில்லை என்று தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். அப்படியே இருவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, அடுத்த ஆளை அனுப்பட்டுமா என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர்கள் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அவர் மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்து அவர்களை மறைக்கும்வரை நின்றேன். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அனுப்பச் சொன்னேன்.